பத்தடி பின்னால்

1

எனக்கு மன்னிக்கிற குணம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு ஊரில் நடந்ததெல்லாம் தூரத்திலேயே ஆறிவிடும் என்று அங்கே பலர் நினைக்கிறீர்கள். எனக்கு ஆறவில்லை. பதினேழு வருஷமாக ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன், மெல்பர்னுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. வாரத்தில் ஐந்து நாள் பொறுமையாக இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொறுமையைச் சீருடையோடு கழற்றி மாட்டிவிட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

பயப்பட வேண்டாம். பறவையைச் சுடுவதில்லை, பன்றியைச் சுடுவதில்லை. தட்டைச் சுடுகிறோம். உள்ளங்கை அகலத்தில் ஆரஞ்சு நிறத் தட்டு. களிமண் தட்டு என்று பெயரே தவிர இப்போது அதில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளையும் தார் மாதிரியான கீலையும் சேர்த்து அச்சில் வார்க்கிறார்கள். தரையில் பாதி புதைந்த ஒரு சின்ன கான்கிரீட் அறைக்குள்ளிருந்து மெஷின் அதை வீசும். பதினைந்து மீட்டர் பின்னால் நின்று ஆங்கிலத்தில் ‘புல்’, அதாவது இழு, என்று கத்தினால் தட்டு பறக்கும். எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. கண் சிமிட்டினால் போய்விடும். பட்டால் வானத்தில் கறுப்பாக ஒரு புகை. படாவிட்டால் அது பாட்டுக்குப் போய்ப் புல்லில் விழும்.

அந்தப் புகையைப் பார்க்க எனக்கு அப்படி ஓர் ஆசை. என் கணவருக்குச் சத்தம் ஆகாது, காரிலேயே உட்கார்ந்து கிரிக்கெட் கேட்பார். மகள் தாரணிக்குப் பதினாறு வயது. துப்பாக்கியும் பிடிக்காது, துப்பாக்கி பிடிக்கிற அம்மாவையும் அவ்வளவாகப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் சமூக சேவைக் கணக்குக்கு மணி நேரம் சேர வேண்டும் என்பதற்காக மட்டும் வந்து ஸ்கோர் எழுதிக் கொடுப்பாள்.

லைசென்ஸ் வாங்க எட்டு மாதம் அலைந்தேன். பாதுகாப்பு வகுப்பு, பரீட்சை, வீட்டில் இரும்புப் பெட்டி, அதைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டிருக்கிறோமா என்ற சோதனை. படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. விளையாட்டு என்று எழுதினேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. முழு உண்மையை எழுதியிருந்தால் லைசென்ஸ் கிடைத்திருக்காது. ஒன்பது வருஷமாக நான் உடைத்த தட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே ஆளின் முகம் இருந்தது.

முதல் தடவை என்னை அந்தக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனது என்னோடு வேலை செய்கிற ஒருத்தி. எல்லாரும் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் அந்தக் கான்கிரீட் அறையைப் பார்த்தேன். “உள்ளே உட்கார்ந்து யார் வீசுகிறார்கள்?” என்று கேட்டேன். “யாரும் இல்லை, மெஷின்,” என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தத்துக்குப் பயந்துவிட்டேன் என்று நினைத்து ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள்.

2

மாதத்தில் ஒரு ஞாயிறு புதியவர்கள் தினம். லைசென்ஸ் இல்லாதவர்களும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, சுட்டுப் பார்க்கலாம். நான் மூன்று வருஷமாகப் பயிற்சியாளர். இதில் பெருமை உண்டு எனக்கு, மறைக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்ட பாட்டிகளை உடைக்க வைத்திருக்கிறேன். முதல் தட்டு உடையும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை வயதானாலும் திரும்பி நம்மைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பெயர்ப் பட்டியல் இரண்டு வாரம் முன்பே ஈமெயிலில் வந்துவிடும். போன மாதப் பட்டியலில் ஓர் இந்தியக் குடும்பம். மகன், மருமகள், ஆறு மாத விசாவில் வந்திருக்கிற அப்பா. அப்பாவின் பெயர், இனிஷியல், பிறந்த ஊர் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. புத்தூர், திருப்பதி மாவட்டம். நாங்கள் இருந்தவரைக்கும் அது சித்தூர் மாவட்டம்.

படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அவன்தான். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டோம், சின்னபாபு என்றுதான் சொல்வோம். அவன் அப்பா பெத்தபாபு. எங்கள் ஊரைச் சுற்றி இருந்த மாந்தோப்பு முழுக்க அவர்களுடையது. என் அப்பா முனிரத்தினம் அங்கே காவல் வேலை பார்த்தார், நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

வேறு பயிற்சியாளரிடம் அந்தக் குடும்பத்தைத் தள்ளிவிட்டிருக்கலாம். ஒரு வரி எழுதினால் போதும். எழுதவில்லை. அந்த இரண்டு வாரமும் எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூங்கினேன்.

நைனாவுக்கு போன் செய்தேன். எழுபத்தாறு வயது, ஊரில் எங்கள் சொந்த ஒன்றரை ஏக்கரில் இருக்கிறார்.

“நைனா, சின்னபாபு இங்க வந்துக்கினு கீறான்.”

“எங்க?”

“எங்க கிளப்புக்கு. சுடக் கத்துக்க. நான்தான் சொல்லிக் குடுக்கணும்.”

நைனா ஒன்றுதான் சொன்னார்.

“அவனுக்குக் குறி வராதும்மா.”

அவ்வளவுதான். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, போய் நிறுத்த வேண்டும் என்று வைத்துவிட்டார். நடந்ததைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. நான் எடுத்தால் மோட்டாரை நிறுத்தப் போய்விடுவார்.

3

அந்தத் தோப்பில் இருந்தது ஒரு டபுள் பேரல், இரட்டைக் குழாய்த் துப்பாக்கி. குரங்குக்கும் பன்றிக்கும் என்று லைசென்ஸ் வாங்கியது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ரிசல்ட் வந்த பிறகு போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் தேர்தல் வந்ததற்கு அடையாளமே, பெத்தபாபு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாக ஸ்டேஷனுக்கு நடந்து போவதும், உறையில் போட்ட துப்பாக்கியோடு நைனா பின்னால் போவதும்தான்.

பத்தடி பின்னால். நடக்கிற அடியில் பத்து, அது கணக்கு. கிட்டே வந்தால், கூட வருகிற ஆள் மாதிரி இருக்குமாம். தூரத்தில் வந்தால் துப்பாக்கி யாருடையது என்று தெரியாதாம். பெத்தபாபு நின்றால் நைனா நிற்க வேண்டும். இருபது வருஷத்தில் எத்தனை தேர்தலோ, அத்தனைக்கும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. சுடுவது மட்டும் கிடையாது. விசையில் விரல் வைத்ததே இல்லை என்று நைனா ஒரு தடவை சொன்னார்.

எனக்குப் பத்தொன்பது வயது. திருப்பதியில் நர்சிங் முதல் வருஷம், லீவுக்கு வந்திருந்தேன். தேர்தல் ரிசல்ட் வந்து துப்பாக்கியும் பெத்தபாபு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. சின்னபாபுவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல். பெங்களூரிலிருந்து நாலு கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். சித்தூர் ஜூஸ் ஃபேக்டரிக்குக் காய் ஏற்றுகிற லாரி தோப்பில் நின்றுகொண்டிருந்தது. நான் நைனாவுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன்.

பழைய பம்புசெட் ஷெட்டைப் பிரித்துப்போட்ட ஓடுகள் ஒரு குவியல் கிடந்தன. அதிலிருந்து ஒவ்வொன்றாக நைனா வானத்தில் தூக்கி வீச வேண்டும், சின்னபாபு சுடுவான். வீசினார். சுட்டான். படவில்லை. மறுபடி. படவில்லை. கூட்டாளிகள் முதலில் கை தட்டினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு போன் பார்க்க ஆரம்பித்தார்கள். விழுந்த ஓடுகளில் உடையாததைப் பொறுக்கிக்கொண்டு வரச் சொன்னான். நைனா குனிந்து பொறுக்கி, இரண்டு கையும் நிறைய ஓட்டோடு பின்னால் வந்து நின்றார்.

அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம். துப்பாக்கி போதும் என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கையை அப்படியே பின்னால் நீட்டுவார்கள், வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் நீட்டி விட்டான். நைனாவின் கையில் ஓடு இருந்தது. துப்பாக்கி கல்லில் விழுந்து அதன் மரக்கட்டை விரிசல் விட்டது.

“எத்துரா,” என்றான் சின்னபாபு. தூக்குடா என்று அர்த்தம். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு லாரி லோடு முடிகிற வரைக்கும் நிற்கச் சொன்னான். பத்து மணி இருக்கும். லோடு முடிந்தது ஒன்றரைக்கு. கை இறங்கும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து “எத்து” என்று ஒரு குரல். காய் ஏற்றுகிறவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் சோத்து டப்பாவோடு வரப்பில் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் அவன் மேல் எனக்கு வன்மம்.

அடுத்த வாரமே நைனா வேலையை விட்டுவிட்டு நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனி கேட்டுக்குக் காவலுக்குப் போனார். அன்றிலிருந்து அவர் எதையும் தலைக்கு மேல் தூக்குவதில்லை. புல்லுக்கட்டு என்றாலும் இடுப்பில்தான்.

4

புதியவர்கள் தினத்தன்று நல்ல வெயில். சின்னபாபு புது ஷூ போட்டுக்கொண்டு வந்தான். அறுபதைத் தாண்டியாயிற்று, தலைக்கு டை அடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, நான் எந்த ஊர் என்று கேட்டான். “வேலூர் பக்கம்,” என்றேன். அதுவும் பொய்யில்லை, எங்கள் ஊரிலிருந்து வேலூர் பக்கம்தான். பெஞ்சில் ஸ்கோர் எழுத உட்கார்ந்திருந்த தாரணிக்குப் பையிலிருந்து, மாம்பழச் சாற்றைக் காயவைத்துச் செய்கிற தாண்ட்ரா எடுத்துக் கொடுத்தான். ஊரிலிருந்து கொண்டு வந்தானாம்.

“ஸோ ஸ்வீட்மா அந்த அங்கிள்,” என்று என் காதில் சொல்லிவிட்டு அதைத் தின்றாள். வாயில் விரலை விட்டு எடுத்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

நான் வழக்கமாகச் சொல்வதை எல்லாம் சொன்னேன். துப்பாக்கியை எப்போதும் மடித்துத் திறந்து வைத்திருக்க வேண்டும். நிற்கிற இடத்துக்கு வந்து, முன்னால் பார்த்த பிறகுதான் தோட்டா போட வேண்டும், மூட வேண்டும். குழாய் எப்போதும் முன்பக்கம் மட்டும். யாருடைய துப்பாக்கியையும் யாரும் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். சுடுகிறவர் அவரவரே தூக்க வேண்டும், கீழே விழுந்த காலித் தோட்டாவையும் அவரவரே பொறுக்க வேண்டும். பின்னால் இருக்கிறவர்கள் மேல் குழாய் திரும்பினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மறுபேச்சு கிடையாது. இதைச் சொல்லும்போது அவன் தலையாட்டினான். எங்கள் ஊரில் தலையாட்டுவது என்றால் கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

இரண்டு கையையும் நீட்டி விரல்களால் முக்கோணம் செய்து, அதன் வழியே மரத்தைப் பார்க்கச் சொல்லி, எந்தக் கண் பலமானது என்று கண்டுபிடித்தேன். இடது கால் முன்னால், எடை அதன் மேல். கன்னம் கட்டையில். தட்டைத் துரத்திப் போய்க்கொண்டே விசையை இழுக்க வேண்டும், நிறுத்தினால் தப்பிவிடும்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கட்டையின் பின்பக்கத்தைத் தோள் குழியில் இறுக்கி வைக்க வேண்டும், தளர்வாக இருந்தால் உதைக்கும் என்பது புதியவர்களுக்கு நான் சொல்கிற முதல் வாக்கியம். அன்றைக்கு அது என் வாயில் இருந்தது, வெளியே வரவில்லை. கட்டைக்கும் தோளுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். “புல்,” என்றான். சுட்டான். “அப்பா,” என்று தோளைப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கு ஒரு சின்ன நிம்மதி. அது ஒரே ஒரு குண்டு. அடுத்ததற்கு முன் சொல்லிவிட்டேன், இறுக்கியும் வைத்தேன். கிளப்பில் இதை யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

மகன் பத்தில் ஆறு உடைத்தான். மருமகள் பத்தில் ஏழு. இவன் பதினைந்து சுட்டு ஒன்றுகூட இல்லை. நைனா சொன்னதை நினைத்துக்கொண்டேன். பெஞ்சில் மகனும் மருமகளும் முதலில் கை தட்டினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு போன் பார்க்க ஆரம்பித்தார்கள். தாரணி மட்டும் ஊரில் இருக்கிற தாத்தாவுக்கு அனுப்ப வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவே மொழி அவ்வளவாக இல்லை. அவள் தமிழ் அவருக்குப் புரியாது, அவர் பாதித் தெலுங்கில் பேசுவது அவளுக்குப் புரியாது. அதனால் வீடியோதான்.

“ஒன்று தப்பினால் உடனே இன்னொன்று சுடலாம் அல்லவா, இரண்டு தோட்டா போட்டுப் பார்க்கலாமா?” என்று சின்னபாபு கேட்டான். ஒழுங்காகப் பழகாதவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. இரண்டு மடங்கு தப்பட்டும் என்று கொடுத்தேன். அது என் தப்பு.

‘புல்.’ தட்டு இடது பக்கம் போனது. ஒன்று சுட்டான், படவில்லை. இரண்டாவதைச் சுடவே இல்லை. உதட்டைப் பிதுக்கினான். திரும்பிப் பார்க்காமல், துப்பாக்கியை நடுவில் பிடித்துக் கையை அப்படியே பின்னால் நீட்டினான். மூடியபடியே, ஒரு தோட்டா உயிரோடு. குழாய் பெஞ்சு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றியது. பெஞ்சில் என் மகள் இருந்தாள்.

அந்த இடத்தில் பயிற்சியாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாய்ந்து குழாயைப் பிடித்து முன்பக்கம் திருப்ப வேண்டும். எத்தனையோ தடவை பழகியிருக்கிறேன், மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் கை அதைச் செய்யவில்லை. இரண்டு உள்ளங்கையும் மேல் பார்த்து ஒன்றாக நீண்டன. ஓர் அடி பின்வாங்கினேன், தலையும் கொஞ்சம் குனிந்தது. அவன் விட்டான், துப்பாக்கி என் இரண்டு கையில் வந்து விழுந்தது.

அதற்கடுத்த நொடிதான் பயிற்சி வந்தது. குழாயைத் திருப்பி, மடித்து, தோட்டாவை எடுத்துப் பையில் போட்டேன். மகளுக்காகப் பயந்தது கொஞ்சம். மீதி என் கைகள் மேல் வந்த ஆத்திரம். அவன் மேல்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

5

“உங்கள் ஆட்டம் முடிந்தது,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று காது மூடியைக் கழற்றிவிட்டுச் சத்தமாகவே சொன்னேன். பெஞ்சில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எங்கள் பாதுகாப்பு அதிகாரி டெர்ரி, லாரி ஓட்டி ஓய்வு பெற்ற எழுபது வயதுக்காரர், தூரத்திலிருந்து கையைத் தூக்கினார். அடுத்த மைதானத்திலும் சுடுவது நின்றது.

சின்னபாபுவுக்கு என்ன தப்பு என்றே புரியவில்லை. பிறகு புரிந்தது, முகம் கறுத்தது. “ஸாரி, ஸாரி,” என்று கிளப் வீட்டைப் பார்த்து வெறுங்கையோடு நடக்க ஆரம்பித்தான். துப்பாக்கி என் கையில் இருந்தது. அவன் முன்னால், துப்பாக்கியோடு நான் பின்னால். இரண்டடி போயிருப்பான்.

“நில்லுங்க,” என்றேன், தெலுங்கில். அவன் திரும்பினான். திறந்த துப்பாக்கியை அவன் முன்னால் நீட்டினேன்.

“மா நைன இக்கட லேரண்டி. மீரே எத்துகோண்டி.”

எங்கள் அப்பா இங்கே இல்லைங்க, நீங்களே தூக்குங்க. அவ்வளவு மரியாதையாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான், எதுவும் பிடிபடவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டான். கையில் எப்படி மாட்டுவது என்று தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்தான். அப்படியே பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

“என் பின்னால் வாங்க. கிட்ட வராதீங்க, விதி அது,” என்றேன். அப்படி ஒரு விதி எந்தக் கிளப்பிலும் கிடையாது. துப்பாக்கி ரேக் இருநூறு அடி தள்ளி இருந்தது. நான் வெறுங்கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தேன். வழியில் குப்பை போடுகிற பச்சை டப்பா ஒன்று இருக்கிறது. அங்கே நின்று, அதற்குள் வந்துவிட்ட டெர்ரியோடு இரண்டு வார்த்தை பேசினேன். பேசுவதற்கு ஒன்றும் இல்லை, நின்றால் அவனும் நிற்கிறானா என்று பார்க்கத்தான். நின்றான்.

ரேக்கில் வைத்த பிறகு கேட்டான். “உங்க நைனா யாரு?”

“முனிரத்தினம்.”

யோசித்தான். நெற்றியைத் தேய்த்தான். “எங்க தோட்டத்துல ஓடு வீசுவானே, அந்த முனிரத்தினமா?” என்று சிரிக்கப் போனவன் ஏதோ நினைவு வந்து நின்றான். “அவன்தான் துப்பாக்கியக் கீழ போட்டது. அப்புறம் அந்தக் கட்டை சரியாவே இல்ல. எங்க நைனா போனப்புறம் வித்துட்டேன்.”

கட்டை ஞாபகம் இருந்தது அவனுக்கு. பத்து மணியும் ஒன்றரை மணியும் இல்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே இல்லை. இத்தனை வருஷம் நான் உடைத்த தட்டெல்லாம் அவன் பக்கமே போகவில்லை என்று அப்போது தெரிந்தது.

“எங்க நைனா கையும் அப்புறம் சரியாவே இல்ல,” என்றேன்.

அவனுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. மகனும் மருமகளும் முடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். பெஞ்சு நிறைந்திருந்தது, ஷெட்டுக்குள் நாற்காலி இருந்தது. எடுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. வெயிலில் தோளைத் தடவிக்கொண்டு நின்றான்.

6

சம்பவ அறிக்கை எழுத வேண்டும். நாலு பக்கம். யாருக்காவது காயமா, இல்லை. இரண்டு தோட்டா கொடுத்தது யார், நான். அதற்காக எனக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுக்கத் தடை. நியாயம்தான், முறையிடவில்லை. டெர்ரி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார், “குழந்தையை வாங்குவது மாதிரி ஏன் அதை வாங்கினாய்? உனக்குத் தெரியாததா?” அதற்குக் கட்டம் இல்லை அந்த அறிக்கையில். தெரியவில்லை என்றேன்.

காரில் தாரணி சொன்னாள். “அம்மா, யூ வேர் ஸோ மீன் டு ஹிம், பாவம் அவர். அந்த நடக்கறது. அது ரூல் இல்ல.”

“இல்ல,” என்றேன். “தாத்தாவுக்கு அனுப்பினியா?”

“நிறுத்த மறந்துட்டேன். ஃபுல்லா இருக்கு. அனுப்பிட்டேன்.”

அப்போதுதான் உறைத்தது. அவன் என் பின்னால் நடந்து வந்ததை மட்டும் இல்லை, நான் இரண்டு கையை நீட்டியதையும் நைனா பார்த்திருப்பார். அன்றைக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மோட்டார் அவ்வளவு நேரம் ஓடாது.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் இல்லை.

“இன்னாத்துக்கு ரெண்டு கைய நீட்டின?”

“கீழ உழுந்துடும்னு நைனா.”

“ம்,” என்றார். “நானும் அதுக்குத்தான் நீட்டுவேன். அன்னிக்கு கையில ஓடு இருந்துச்சு.”

இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. நான் அழுதுவிட்டேன். அவர் அழுகையைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை, வேறொன்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்.

“அந்தப் பச்ச டப்பா கீது பாரு, வழியில. நீ அங்க நின்ன. அவனும் நின்னான். அவன் நின்ன எடத்துலேர்ந்து டப்பாகிட்ட வர்ற வரைக்கும் எத்தினி அடி வெக்கிறான்னு பார்த்தேன். சந்தேகமா இருந்துச்சு. மூணு நாளா பார்த்துக்கினு கீறேன், பக்கத்து வூட்டுப் பையனையும் உட்டு எண்ணச் சொன்னேன்.”

“எத்தினி நைனா?”

“பதினொண்ணு,” என்றார். “எனக்குப் பத்துதான்.”